சோற்றுக் கிடாரத்துக்கு ஒரு சென்சர்

கேள்வி: எங்கள் சிறுவர் இல்லத்தில் 40 பிள்ளைகள். இரவு மிஞ்சும் கறியைப் பிரிட்ஜில் வைத்துக் காலையில் சூடாக்கிக் கொடுக்கிறோம், மத்தியானச் சோற்றைக் காலை ஆறரைக்கே வடித்துவிடுகிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், போனோடு இணைகிற வெப்பநிலை சென்சர் வாங்கித் தருகிறேன் என்கிறார். பிரயோசனப்படுமா ஐயா?
- வாசகி, மாங்குளம்

பதில்: பிரயோசனப்படும், வாங்குங்கள் அம்மா.

இரவு பத்து மணிக்குக் கரண்ட் போய் விடிய மூன்றரைக்கு வருகிறது என்று வையுங்கள். ஆறு மணிக்கு நீங்கள் கதவைத் திறக்கும்போது உள்ளே குளிராகத்தான் இருக்கும், மீன்குழம்பின் மேலே எண்ணெய் கூட உறைந்து நிற்கும், சாதாரண வெப்பமானியை வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. ஆனால் இடையில் அந்தக் குழம்பு எத்தனை மணித்தியாலம் 5 பாகை செல்சியஸுக்கு மேலே கிடந்தது? சில நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்து வைக்கிற சென்சர் அதைச் சொல்லும். கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் ஏறத்தாழ 4 மணித்தியாலம் தாங்கும், அதற்கு மேல் போன மீனையும் இறைச்சியையும் கொட்டத்தான் வேண்டும். இன்னொன்று, கரண்ட் போனால் வைஃபையும் சேர்ந்து போய்விடும், அதனால் பற்றரியும் சிம்மும் உள்ளதாகக் கேளுங்கள். சென்சர் முனையை ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அலாரம் அடித்து, இரண்டு நாளில் எல்லாரும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

எனக்குக் கூடுதல் பயம் சோற்றில்தான். அரிசியில் இருக்கிற பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் சோறு கிடந்தால் அது பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சில் ஒருவகை திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆறரைக்கு வடித்த கிடாரத்தைப் பதினொரு மணிக்குத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், சூடாய்த்தானே இருக்கிறது என்று நினைப்போம், ஓரத்துச் சோறோ எப்போதோ 60க்குக் கீழே போயிருக்கும். ஓரத்திலும் முனையைக் குத்திப் பாருங்கள். உண்மையில் இதற்குச் சென்சரை விட நல்ல வழி, பத்தரைக்கு உலை வைப்பது.

இந்தக் கருவி கண்டுபிடிக்காததும் உண்டு. 2013 ஜூலையில் இந்தியாவின் பீகாரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள், காரணம் சாப்பாட்டில் கலந்திருந்த மொனோகுரோட்டோபொஸ் என்ற பூச்சிமருந்து. வயல் செய்கிற நம் ஊரில் மருந்துப் போத்தலுக்குப் பஞ்சமில்லை. அது குசினிப் பக்கமே வரக் கூடாது, வெறுமையான பூச்சிமருந்துப் போத்தலில் எண்ணெய் ஊற்றவே கூடாது.

அப்புறம், அலாரம் யாருடைய போனுக்குப் போகிறது? வெளிநாட்டுக்காரருக்கோ அலுவலகத்துக்கோ மட்டும் போய்ப் பயனில்லை, சமைக்கிற அக்காவின் போனில் அடிக்க வேண்டும். அவர் கறியைக் கொட்டினால் ஏன் கொட்டினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. சென்சர் வந்து சேர முதல் இதை நிர்வாகத்தோடு பேசி முடியுங்கள்.