‘கைது செய்யவில்லை, விசாரணைதான்’ என்றால் உரிமை இல்லாமல் போய்விடுமா?

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். இருசக்கர வாகனத் திருட்டு பற்றி விசாரிக்க வேண்டும் என்று என் தம்பியை வியாழக்கிழமை இரவு காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றவர்கள், சனிக்கிழமை மாலைதான் வழக்கு ஏதுமின்றி அனுப்பினார்கள். கேட்டால், ‘கைதே செய்யவில்லையே’ என்கிறார்கள். மனித உரிமை என்பதெல்லாம் ஐ.நா. பேச்சு, நம் சட்டத்தில் இல்லை என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா?

பதில்: உங்கள் உறவினர் சொல்வது சரியல்ல. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்கு மேல் காவல் துறை வைத்திருக்கக் கூடாது என்ற விதி 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது சாதாரணச் சட்டம்; ஆட்சியில் இருப்பவர்கள் நினைத்தால் திருத்திவிடக் கூடியது. அரசியல் நிர்ணய சபையில், சட்டம் வகுத்த நடைமுறைப்படி ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்று அரசியலமைப்பின் இன்றைய 21ஆம் உறுப்பு சுருக்கப்பட்டபோது எழுந்த கடும் அதிருப்திக்கு ஈடுகட்டும் வகையில், கைதானவருக்கான பாதுகாப்புகளைத் தனி உறுப்பாகவே 1949 செப்டம்பரில் அம்பேத்கர் முன்மொழிந்தார். அதுவே இன்றைய 22ஆம் உறுப்பு. 24 மணி நேர விதி அடிப்படை உரிமையானது அப்படித்தான்.

எழுதி வைத்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், சட்டம் வகுத்த அந்த நடைமுறை நியாயமானதா என்று ஆராய 1950இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவுக்கே கதவடைத்தது. மேனகா காந்தி வழக்கில் 1978இல்தான் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்ற நிலைக்கு அது வந்தது. அதே ஆண்டின் 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21ஆம் உறுப்பை முடக்க முடியாதபடி செய்தது. காவல் நிலைய மரணங்கள் குறித்து 1996இல் தீர்ப்பான டி.கே. பாசு வழக்கில் வகுக்கப்பட்ட கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல் போன்ற விதிகள் பின்னர் சட்டத்திலேயே சேர்ந்தன. ஐ.நா. உடன்படிக்கையை 1979இல் ஏற்றபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கோரும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று இந்தியா விலக்குக் கேட்டதும், அந்த விலக்கு பொருளிழந்துவிட்டது என்று பாசு வழக்கிலேயே நீதிமன்றம் சொன்னதும் உங்கள் உறவினர் அறிய வேண்டியவை. இவ்விஷயத்தில் ஐ.நா.வுக்கு நாம் சொன்ன பதிலைவிட நம் நீதிமன்றம் ஒரு படி முன்னே போய்விட்டது.

இனி உங்கள் தம்பியின் விஷயம். ‘கைது இல்லை’ என்ற பதிலைக் கேட்காத குற்றவியல் வழக்கறிஞர் இருக்க மாட்டார். பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அவர் விரும்பியபோது எழுந்து வீட்டுக்கு வர முடிந்ததா என்பதே முக்கியம். விசாரணைக்கு அழைப்பதென்றால் எழுத்து மூலமான அழைப்பாணை தர வேண்டும். அப்படி ஏதும் தராமல் இரண்டு இரவுகள் நிலையத்திலேயே வைத்திருந்தது சட்டவிரோதக் காவல் என்று வாதிட உங்களுக்கு வலுவான அடிப்படை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58ஆம் பிரிவும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்தையே எல்லையாக வைக்கிறது.

தம்பி வெளியே வந்துவிட்டதால் ஆட்கொணர்வு மனுவுக்கு இனி வேலையில்லை. மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்யலாம். ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் செய்துவிட வேண்டும். இழப்பீடு கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யும் வழியும் திறந்தே இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால் கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். நீங்கள் பெண்ணாக இருந்து, நீங்களே மனுதாரரானால் வருமானம் பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு காரியம் செய்யுங்கள். காவல் நிலையங்களில் கேமரா பொருத்திக் காட்சிகளைச் சேமிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த மூன்று நாள் பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கும்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு இந்த வாரமே பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தம்பியின் உடலில் காயம் ஏதும் இருந்தால், அது ஆறுவதற்குள் அரசு மருத்துவமனையில் காட்டிச் சிகிச்சைக் குறிப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள்.