காப்பில் 750 முத்திரை: ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. 750 என்றால் 18 காரட், அதாவது 75 சதவீதம் தங்கம். நாகர்கோவிலில் நீங்கள் கார்ட்டியே லவ் மாடலில் வாங்கிய ஆண்களுக்கான காப்பு "916 (22 காரட்) போல மஞ்சளாக இல்லை" என்கிறீர்கள். வடசேரி கோயில் நகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

நீங்கள் ஆசைப்பட்ட மாடலே காரணமாக இருக்கலாம். கார்ட்டியே என்ற பிரெஞ்சு நகை நிறுவனத்தின் லவ் காப்பு 1969-இல் வந்தது, ஸ்க்ரூடிரைவரால் முடுக்கும் வகை. அதுவே 18 காரட்தான். 22 காரட் மென்மையானது, திருகு சீக்கிரம் தேய்ந்துவிடும். (எனக்கும் அதன்மேல் ஒரு கண் உண்டு, விலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.)

சரி, இதைச் செய்து பாருங்கள்:

1. காப்பின் உட்புறம் லென்ஸ் வைத்து ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி.யை (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) தேடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைக்கு அது கட்டாயம்.

2. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கேர் செயலியில் அதைப் போடுங்கள். தூய்மை மட்டுமல்ல, நகை வகையும் காப்பு என்றே வர வேண்டும். மோதிரம் என்று வந்தால் எண் வேறு நகையுடையது.

3. பில்லில் எந்த காரட் விலை? 22 காரட் விலை போட்டிருந்தால் அங்கேதான் சண்டை போட வேண்டும்.

ஒன்று மட்டும்: செயலி தங்கத்தைத்தான் சொல்லும், கார்ட்டியே அசலா என்று சொல்லாது.