வெளியே சொல்லாதே என்று சொல்லலாமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்கும் கணவருக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. எங்களைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் தீவிர பக்தர்கள். மகளுக்கு ஏழு வயது. போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவள், "அம்மா, பிரார்த்தனை நேரத்துல உதட்டை மட்டும் அசைச்சேன், சத்தமே வரலை, யாரும் கண்டுபிடிக்கலை" என்றாள். கும்பிடாதவர்கள் செத்த பிறகு நெருப்பில் எரிவார்கள் என்று தோழி சொன்னாளாம். "வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று சொல்லிவை, பிள்ளை நிம்மதியாக இருக்கும்" என்கிறார் கணவர். மாமியாரோ, கடவுள் பயம் இல்லாத பிள்ளை தறிகெட்டுப் போகும் என்று அழுகிறார். என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த உதட்டசைவு மனதைவிட்டுப் போகவில்லை. ஏழு வயதில் அவ்வளவு கவனமாக நடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பயத்தில் செய்தது, அதற்காக அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் கணவர் சொல்வதைக் கேட்டால், அந்த நடிப்பே வீட்டுச் சட்டமாகிவிடும்.

தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் இப்படி வளர்ந்தவர்தான். 1806இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் மில் அவரை மத நம்பிக்கையே இல்லாமல் வளர்த்தார். இருந்த நம்பிக்கையைக் கைவிட்டவன் அல்ல, எனக்கு அது எப்போதுமே இருந்ததில்லை என்று மகன் பின்னாளில் எழுதினார். ஊர் ஏற்காத கருத்து என்பதால் வெளியே சொல்லக் கூடாது என்பதையும் அப்பா சேர்த்தே கற்பித்திருந்தார். மில் இறந்த 1873ஆம் ஆண்டிலேயே அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. மனதில் இருப்பதைச் சின்ன வயதிலேயே மறைக்கப் பழகியது ஒழுக்க அளவில் தனக்குக் கொஞ்சம் கெடுதல் செய்தது என்று அதில் சொல்கிறார். மதம் இல்லாமல் வளர்ந்ததைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. ஒளித்து வைக்கச் சொன்னதைத்தான் குறையாகச் சொல்கிறார்.

பேசாமல் இருப்பது வேறு, ஒளிப்பது வேறு. பிரார்த்தனை நேரத்தில் மகள் அமைதியாக நிற்கட்டும், உதடு அசைய வேண்டாம். யாராவது கேட்டால், "எங்க வீட்டுல கும்பிடறதில்லை, நீ கும்பிடு, நான் பக்கத்துல நிக்கறேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்லாமலும் இருக்கலாம், அது அவள் இஷ்டம். உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து வரும் இடம் என்றால் கதையே வேறு, அங்கே வாயை மூடிக்கொள்ளச் சொல்வதுதான் பெற்றவர் கடமை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு எட்டு வயது இருக்கும்போது, "இதெல்லாம் பொய்" என்று அவனிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். அவன் நண்பனின் பாட்டி இறந்துபோனார். பாட்டி கடவுளிடம் போயிருக்கிறார் என்று அந்தப் பையன் சொல்ல, "எங்கயும் போகலை, செத்துட்டாங்க, அவ்வளவுதான்" என்று இவன் சொல்லிவிட்டான். அன்று மாலை மகனைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அழுது வீங்கிய முகத்தோடு கதவைத் திறந்தான் அந்தப் பையன். அவனைப் பார்த்ததும் என் மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அது என் குரல், அவன் வாயிலிருந்து வந்திருந்தது. அதற்குப் பிறகு "பொய்" என்ற சொல்லை வீட்டில் விட்டுவிட்டேன். "அவங்க அப்படி நம்பறாங்க, நான் நம்பலை, ஏன்னு கேட்டா சொல்றேன்" என்று மாற்றிக்கொண்டேன்.

அப்புறம் உங்கள் மாமியாரின் பயம். அதைத் தள்ளிவிடாதீர்கள், பேத்திமேல் உள்ள அக்கறைதான் அது. அமெரிக்காவில் லாரி நூச்சி, எலியட் டூரியல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆழ்ந்த மதப்பற்றுள்ள கிறிஸ்தவ, யூதக் குடும்பப் பிள்ளைகளிடம், திருடு என்று கடவுளே கட்டளையிட்டிருந்தால் திருடுவது சரியாகிவிடுமா என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள், அப்போதும் தப்புதான் என்றார்கள். வழிபாட்டு நாளில் வேலை செய்யக் கூடாது என்பது போன்ற விதிகளைப் பற்றிக் கேட்டபோது, கடவுள் சொல்லியிருக்காவிட்டால் செய்யலாம் என்றார்கள். அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைப் பக்தியுள்ள பிள்ளையும் தனியாகத்தான் புரிந்துகொள்கிறது. இதை அத்தையிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். மகள் யாருக்காவது பரிந்து நிற்கும்போது அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் சொல்லும் கடவுள் கதைகளையும் மகள் கேட்கட்டும், பாட்டியின் மடியை அவளிடமிருந்து பறிக்க வேண்டாம்.

நாளைக்கே உங்கள் மகள் பக்தையாகலாம். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றில் சுதந்திரம் குழந்தைக்கு உண்டு என்கிறது. பெற்றோர் வழிகாட்டலாம், பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்றபடி. நமக்கு இது கசக்கும், தெரியும். ஆனால் நம் அவநம்பிக்கையை அவள் தலையில் கட்டிவிட நமக்கும் உரிமை இல்லை.

அந்த நெருப்புப் பேச்சை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இன்று ராத்திரியே பேசுங்கள். அப்படி ஓர் இடம் இருப்பதாக அம்மாவும் அப்பாவும் நம்பவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். தோழியைத் திட்டாதீர்கள். அந்தக் குழந்தை அதை உண்மை என்றே நம்புகிறது, உங்கள் மகள் எரிந்துவிடுவாளோ என்று பயந்துதான் சொல்லியிருக்கும். அவளை ஒருநாள் வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுங்கள்.

அன்புடன்.