எலக்ட்ரானிக்ஸ், உயிரியல், அரசியல் என்று எங்கே பார்த்தாலும் 'கேட்' வருகிறதே, எல்லாம் ஒரே பொருள்தானா?

இல்லை. ஆனால் கதவு என்று நினைத்துக்கொண்டு படித்தால் குழப்பம்தான் மிஞ்சும், மதகு என்று நினைத்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது மாஸ்ஃபெட்டில், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு வகை டிரான்சிஸ்டரில். சோர்ஸ், கேட், டிரெயின் என்று மூன்று முனைகள், அதில் கேட் வழியாகத்தானே மின்னோட்டம் போக வேண்டும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். போகாது. கேட்டுக்கும் கீழே இருக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் இருக்கிறது. கேட்டில் கொடுக்கிற மின்னழுத்தம் அதைத் தாண்டித் தன் மின்புலத்தால் சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையில் பாதையைத் திறக்கும், மூடும், அவ்வளவுதான். சோர்ஸ் என்றால் ஊற்று, டிரெயின் என்றால் வடிகால். இப்படி மின்புலத்தால் இயங்கும் புலவிளைவு டிரான்சிஸ்டருக்கு (மாஸ்ஃபெட்டும் அதில் ஒரு வகை) இந்தப் பெயர்களை 1952இல் வைத்த இயற்பியலாளர் ஷாக்லி நீர்ப்பாசனக்காரர் மாதிரிதான் யோசித்திருக்கிறார்.

லாஜிக் கேட் வேறு சங்கதி. அது ஒரு முனை இல்லை, 0, 1 என்ற உள்ளீடுகளைப் பார்த்து 0 அல்லது 1 என்று விடை தரும் முழு மின்சுற்று. சில்லுகளில் வழக்கமான சிமாஸ் முறையில் இரண்டு உள்ளீடு கொண்ட, நாண்ட் என்ற வகை லாஜிக் கேட் ஒன்றுக்கு 4 மாஸ்ஃபெட் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட் முனை, ஆக ஒரு கேட்டுக்குள் நாலு கேட்! குவாண்டம் கேட் இன்னும் மோசம், அது பொருளே இல்லை, செயல். பெரும்பாலும் கியூபிட் (குவாண்டம் கணினியின் தகவல் அலகு) இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் மேல் ஒரு மைக்ரோவேவ் அல்லது லேசர் துடிப்பைச் செலுத்துவார்கள்.

உயிரியலில் நரம்புச் செல்லின் சோடியம் வழித்தடம் என்பது சோடியம் அயனிகளை உள்ளே விடும் ஒரு புரதம், மின்னழுத்தம் மாறியதும் அந்தப் புரதமே வடிவம் மாறித் திறக்கிறது, நல்ல மதகு. வலிக்கும் ஒரு கேட் உண்டு. இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, தொடுவுணர்வுச் செய்திகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் சொன்னார்கள். பின்னால் விவரங்களில் நிறைய திருத்தம் வந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வார்ப்படத் தொழிலில் உருக்கிய உலோகம் அச்சுக்குள் நுழைகிற வாய்தான் கேட், அங்கே குழப்பமே இல்லை.

அப்புறம் அரசியல். ஊழல், முறைகேடு எது வெளிவந்தாலும் பின்னால் 'கேட்' ஒட்டுகிறார்களே, அது 1972இல் வாஷிங்டனில் திருட்டுத்தனமாக ஆட்கள் நுழைந்து பிடிபட்ட கட்டடத்தின் பெயரிலிருந்து வந்த வால். வாட்டர்கேட். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், அதுவும் மதகுதான்.