பிறப்பு குறைந்த பிறகும் ஜப்பானில் மக்கள்தொகை ஏன் கூடிக்கொண்டே போனது?

மேலூரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி.

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறந்தால்தான் ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்பும். ஜப்பான் 1970-களின் நடுவிலேயே அதற்குக் கீழே போய்விட்டது. ஆனால் போருக்குப் பின் 1947-49இல் பிறந்த பெருங்கூட்டம் அப்போதுதான் பிள்ளை பெறும் வயதில் இருந்தது. தாய்மார்கள் அதிகம் என்பதால் ஆளுக்கு இரண்டுக்கும் குறைவாகப் பெற்றாலும் பிறப்பு இறப்பை மிஞ்சியது. ஆயுளும் நீண்டது. வைகை அணையை அடைத்த பிறகும் கால்வாயில் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுமே, அப்படி. 2008 வாக்கில் மக்கள்தொகை சுமார் 12.8 கோடியைத் தொட்டு இறங்கியது. இன்று அங்கே பத்தில் கிட்டத்தட்ட மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

சரி, நமக்கு? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். ஜப்பான் வசதி வந்த பிறகு மூப்படைந்தது, 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடும் தொடங்கியது. உசிலம்பட்டி, பேரையூர் பக்கமோ பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் நிறைய. மாத்திரையை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டு வந்துவிடுகிறது. படுத்துவிட்டவரை அன்றாடம் குளிப்பாட்ட, ஊட்டிவிட யார் வருவார்கள் என்பதுதான் என் பெரிய கவலை.