ஒன்றாம் தேதி போகும் 900 டாலரும் குளிர்காலப் புரொப்பேனும்

கேள்வி: நானும் மனைவியும் டென்வர் பக்கம் ஒரு ஆர்வி பார்க்கில் (வண்டி வீடுகளை நிறுத்திக் குடியிருக்கும் இடம்), 32 அடி டிரெய்லரில் குடியிருக்கிறோம். அபார்ட்மென்ட் வாடகை 2,300 டாலர் கட்டுப்படியாகாமல் போன வருஷம் இதற்கு வந்தோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 5,100 டாலர் வருகிறது. போன குளிர்காலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை, சூடேற்ற எரிக்கும் கேஸான புரொப்பேனுக்கு மட்டும் மாதம் 480 டாலர் ஆனது. பெட்ரோல் பங்க் வாசலில் காலியைக் கொடுத்து வாங்கும் மாற்றுச் சிலிண்டர்தான், ஒன்று 24 டாலர், மாதம் இருபது. கரண்ட் தனி மீட்டர், யூனிட் 14 சென்ட், அது ஒரு 130 டாலர். துண்டு விழுந்ததையெல்லாம் கார்டில் தேய்த்து இப்போது 3,900 டாலர் நிற்கிறது, வட்டி 26 சதவீதம். இதில் 1,800 டாலர் சோலார் பேனலோடு வாங்கிய பேட்டரி பவர் ஸ்டேஷன். 100 கேலன் தொட்டி வைத்து, வண்டியில் வந்து ஊற்றித் தர ஒரு கம்பெனி கேலனுக்கு 3.10 டாலர் கேட்கிறது. பார்க்கிலும் சம்மதம். ஆனால் வைப்பதற்கு 150, முதல் 80 கேலனுக்கு 248, ஆக 400 டாலர் ஒருசேரக் கட்ட வேண்டும், அவ்வளவு கையில் நிற்பதில்லை. திருநெல்வேலியில் அப்பா வீட்டின் மேல் தம்பி கடன் வாங்கி மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். அந்தக் கடனுக்கு ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் 900 டாலர் அனுப்புகிறேன். நாலு வருஷமாகப் போகிறது, நிறுத்தினால் அம்மா வருத்தப்படுவார். புரொப்பேனில் ஓடும் ஃபர்னஸை அணைத்துவிட்டு முழுக்க எலக்ட்ரிக் ஹீட்டருக்கு மாறலாமா? இன்னொரு பேட்டரி வாங்கினால் கரண்ட் பில் குறையுமா? 12 மாதத் தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். விடியற்காலையில் மனைவி சமையல் அடுப்பை ஏற்றி வைத்துச் சமாளிக்கிறாள். அக்டோபர் வந்துவிட்டது, பயமாக இருக்கிறது.

பதில்: அடுப்பை இன்றோடு நிறுத்துங்கள். அடைத்த டிரெய்லருக்குள் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைச் சேர்க்கும், மூக்குக்குத் தெரியாது. அந்த வாயுவைக் கண்டு கத்தும் அலாரத்தின் முதுகில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். சரி, இனி கணக்கு.

ஹீட்டர், பேட்டரி இரண்டுக்கும் பின்னால் வருகிறேன். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், “அவ்வளவு கையில் நிற்பதில்லை” என்று. உங்கள் சிக்கல் முழுக்க அந்த வரியில் இருக்கிறது.

மாற்றுச் சிலிண்டரை எல்லாரும் 20 பவுண்டு சிலிண்டர் என்றுதான் சொல்கிறோம். உள்ளே பெரும்பாலும் 15 பவுண்டுதான் அடைத்துத் தருகிறார்கள், லேபிளில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். புரொப்பேன் ஒரு கேலன் 4.2 பவுண்டு. அப்படியானால் நீங்கள் தூக்கி வருவது மூன்றரை கேலன். 24 டாலரை அதால் வகுத்தால் கேலன் 6 டாலர் 80 சென்ட்டுக்கு மேல் போகிறது. அதே சரக்கை 3.10க்கு வாசலில் கொண்டுவந்து ஊற்ற ஆள் இருக்கிறது. மாதம் இருபது சிலிண்டர் என்றால் 70 கேலன். தொட்டியில் அது 217 டாலர், நீங்கள் கொடுப்பது 480. மாதம் 263 டாலர் வித்தியாசம், ஐந்து மாதத்துக்கு 1,300 டாலருக்கு மேல். 400 டாலர் ஒருசேர இல்லாததற்கு நீங்கள் கட்டும் அபராதம் இது. கார்டு வட்டி தனி.

அந்த 400 ஏன் இல்லை? சம்பளம் வந்ததும் முதலில் 900 ஊருக்குப் போய்விடுகிறது. நீங்கள் இணைத்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். தம்பிக்கு அனுப்புவது, இடவாடகை, டிரெய்லர் தவணை, டிரக் தவணை, காப்பீடு, மளிகை, கார்டின் மினிமம் 120 எல்லாம் போக 250 டாலர்தான் மிச்சம். குளிர்காலத்தில் புரொப்பேனும் கரண்ட்டும் சேர்த்து 610. ஆக மாதம் 360 கார்டில் ஏறுகிறது. ஐந்து மாதத்தில் 1,800, பவர் ஸ்டேஷன் இன்னொரு 1,800, மீதி வட்டி. உங்கள் 3,900 இப்படித்தான் வந்தது. நேராகச் சொன்னால், தம்பி கட்டிய மாடிக்குக் குளிர்காலம் முழுக்க உங்கள் கிரெடிட் கார்டு 26 சதவீத வட்டியில் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் எந்த வங்கியும் வீட்டுக் கடனுக்கு அப்படி வட்டி கேட்காது.

அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த மாதம் 900க்குப் பதில் 500 அனுப்புங்கள். மிஞ்சும் 400ஐ அன்றே தொட்டிக்குக் கட்டிவிடுங்கள். 100 கேலன் தொட்டியில் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், விரிய இடம் வேண்டும். அந்த 80 கேலன் உங்களுக்கு நவம்பர் முழுக்கப் போதும். பிறகு கார்டு முடியும்வரை 500தான்.

கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். புரொப்பேன் 217, கரண்ட் 130, மொத்தம் 350 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருந்தது 250, தம்பி பக்கம் குறைத்தது 400, சேர்த்தால் 650. அதில் 350 போனால் 300 நிற்கிறது. மினிமம் 120ஐயும் சேர்த்து மாதம் 420 கார்டுக்குப் போகட்டும். மார்ச் முடிவில் வட்டி போக கார்டு ஏறக்குறைய 2,150க்கு இறங்கிவிடும். வெயில் காலத்தில் செலவு குறையும்போது மாதம் 600க்கு மேல் கட்டலாம், ஜூலை வாக்கில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டேஷனை விற்றால் இன்னும் சீக்கிரம்.

இப்போது ஹீட்டர். ஆர்வி பார்க்குகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இந்த வாதம்தான், புரொப்பேனா கரண்ட்டா. ஒரு கேலன் புரொப்பேனில் ஏறக்குறைய 91,500 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம். டிரெய்லர் ஃபர்னஸ் அதில் கால் பங்கைப் புகைக்குழாய் வழியே வெளியே விட்டுவிடும் என்று வைத்தால் உள்ளே வருவது 68,000 சொச்சம். ஒரு யூனிட் கரண்ட் 3,412 பிடியு. ஆக ஒரு கேலன் சுமார் 20 யூனிட்டுக்குச் சமம். கேலன் விலையை 20ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் எண் உங்கள் யூனிட் விலையைவிடப் பெரிதாக இருந்தால் கரண்ட் மலிவு. 3.10 என்றால் பதினைந்தரை சென்ட், உங்கள் கரண்ட் 14. கரண்ட் மலிவுதான், ஆனால் எவ்வளவு? இப்போது பாதி நாள் ஓடும் 1,500 வாட் ஹீட்டரை நாள் முழுக்க ஓட்டி, இரவில் இன்னொன்றைப் பாதி வேகத்தில் பத்து மணி நேரம் வைத்தால் மாதம் 765 யூனிட் கூடும், 107 டாலர். அதற்கு ஈடாக 38 கேலன் மிச்சம், 118 டாலர். லாபம் மாதம் பதினோரு டாலர்! சிலிண்டர் விலையில் கணக்குப் போட்டதால்தான் ஹீட்டர் உங்களுக்குப் பெரிய வழியாகத் தெரிந்தது. தொட்டி வந்துவிட்டால் இந்த வாதத்தையே மறந்துவிடலாம்.

முழுக்க அணைப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. உங்களுடையது போன்ற பல டிரெய்லர்களில் தண்ணீர்க் குழாயும் கழிவுத் தொட்டியும் இருக்கும் அடிவயிற்றுக்கு ஃபர்னஸின் குழாய் வழியாகத்தான் சூடு போகிறது. மேலே ஹீட்டர் வைத்து நீங்கள் சுகமாகத் தூங்கும்போது, 10 டிகிரி பாரன்ஹீட்டில் கீழே குழாய் உறைந்து வெடிக்கும். அந்த ரிப்பேர் ஒரு மாதப் புரொப்பேனைத் தின்றுவிடும். கடும் குளிர் இரவுகளில் ஃபர்னஸ் ஓடட்டும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட்தான். இரண்டு ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஹீட்டர் மாட்டவே கூடாது.

பேட்டரி விஷயத்தில் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. இரண்டு யூனிட் கொள்ளும் பவர் ஸ்டேஷன் உங்கள் ஹீட்டரை ஒன்றேகால் மணி நேரம் ஓட்டும். அதில் இருக்கும் கரண்ட்டின் விலை 28 சென்ட். 400 வாட் பேனல் டிசம்பர் வெயிலில், சரித்து வைத்து, பனி மூடாமல் பார்த்துக்கொண்டால் நாளுக்கு ஒன்றரை யூனிட் தரலாம். அது 21 சென்ட், மாதம் ஆறு டாலர் சொச்சம். 1,800 டாலர் போட்டு மாதம் ஆறு டாலர் சம்பாதிப்பதை முதலீடு என்று விளம்பரப்படுத்துகிறார்கள், இரண்டாவதையும் வாங்கினால் அது மட்டும் குப்பென்று லாபத்துக்கு வந்துவிடாது. பாலைவனத்தில் மீட்டரே இல்லாமல் நிறுத்துகிறவர்களுக்கு அது உபயோகமான பொருள். பக்கத்திலேயே 14 சென்ட் பிளக் இருக்கும் உங்களுக்கு எதற்கு? வட்டியில்லாத் தவணையும் மாதா மாதம் கையிலிருந்து போகிற பணம்தானே. இருப்பதையும் புதுசு மாதிரி இருக்கும்போதே விற்றுவிடுங்கள், 1,000 டாலர் கிடைத்தாலும் நல்லது, நேராகக் கார்டுக்குப் போகட்டும். இதே சாக்கில் டீலர் யாராவது “நான்கு பருவ” டிரெய்லர் என்று மாற்றித் தர வந்தால் கதவைச் சாத்துங்கள். அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் பொதுவான தரநிலை எதுவும் கிடையாது.

செலவு செய்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் ஸ்கர்ட்டிங் போடுங்கள், அதாவது டிரெய்லருக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடையுங்கள். டிரெய்லரின் சுற்றளவு 80 அடி. ஹார்டுவேர் கடையில் எட்டடி நீள ஃபோம் பலகை பத்து வாங்கி, உயரத்துக்கு வெட்டி, அடியில் காற்று புகாமல் சுற்றி அடைத்து டேப் ஒட்டினால் போதும். சுமார் 300 டாலர் ஆகும். நவம்பரில் தொட்டி நிரம்பியிருப்பதால் அந்த மாதம் மிஞ்சும் 217 டாலரிலேயே இதில் பெரும்பகுதி வந்துவிடும். அளவெடுத்துத் தைத்துத் தரும் வினைல் ஸ்கர்ட் அழகாக இருக்கும், ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். வேண்டாம்.

தொட்டி கம்பெனி ஏதாவது காரணத்தால் காலை வாரினால், டிரெய்லர் முன்னால் இருக்கும் இரண்டு 30 பவுண்டு சிலிண்டரையே நிரப்பும் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் சேர்ந்து 14 கேலன். கேலன் கணக்கில் வாங்குகிறார்களா, சிலிண்டருக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களா என்று முதலில் கேளுங்கள். பாதி காலியான சிலிண்டருக்கு முழுக் காசு கொடுத்துவிட்டு வரக்கூடாது.

கடைசியாகத் தம்பி. அம்மா மூலம் சொல்ல வேண்டாம், நேரே அவனிடமே பேசுங்கள். பேசும் முன் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை வாங்கிப் பாருங்கள், இன்னும் எவ்வளவு பாக்கி, எத்தனை தவணை என்று. நாலு வருஷமாகக் கட்டுகிறவர் இதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு ஆச்சரியம். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறான் என்று எழுதினீர்கள், அந்த வாடகை யார் கையில் போகிறது என்று எழுதவில்லை. அது அந்தக் கடனுக்கே போனால் உங்கள் 500 போதுமானதாக இருக்கலாம். வீடு அப்பா பெயரில் இருக்கிறது என்றால், நீங்கள் போட்டதற்கு என்ன கணக்கு என்பதையும் அப்பா இருக்கும்போதே பேசி, எழுதி வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. “கார்டில் 3,900 கடன், வட்டி 26 சதவீதம்” என்று எண்ணைச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கிற அண்ணனுக்குக் கடன் இருக்கும் என்று ஊரில் யாரும் தானாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்த ஏப்ரலிலிருந்து மாதம் 150 டாலரைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். நவம்பர் வருவதற்குள் 1,050 சேரும், அந்தக் குளிர்காலத்தின் முதல் மூன்று மாதப் புரொப்பேனும் கரண்ட்டும் அதில் அடங்கிவிடும். ஊருக்குப் பணம் அனுப்பும் தேதியையும் ஒன்றிலிருந்து பத்துக்கு மாற்றுங்கள், தொட்டிப் பணம் எடுத்து வைத்த பிறகு.