சித்திரையில் பூ உதிர்கிறதா? பாட்டிலை விடுங்கள், பட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, புடலை வைத்திருக்கிறேன். செடியெல்லாம் நல்ல செழிப்பு. ஆனால் சித்திரை பிறந்ததிலிருந்து தக்காளிப் பூ காம்போடு உதிர்கிறது. புடலை பூத்துத் தள்ளுகிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. கடையில் ஒரு டானிக் பாட்டிலைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? வீட்டில் 'பேசாமல் மார்க்கெட்டில் வாங்கிவிடு' என்கிறார்கள்.

பதில்: பாட்டில் வேண்டாம். தக்காளிக்கு நோய் இல்லை, வெயில்தான். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளி மகரந்தம் வீரியம் இழந்துவிடும். சூல் பிடிக்காத பூவைச் செடி தானே உதிர்த்துவிடும். நம்மூர்ச் சித்திரை 38-ஐச் சாதாரணமாகத் தொடும். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரியும் அனலடிக்கும். டானிக் இதற்கு என்ன செய்யும்?

இருக்கிற செடியைக் காப்பாற்ற 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தொட்டி மண் தெரியாதபடி சருகு போட்டு மூடுங்கள். காலை 7 மணிக்குள் தண்ணீர் விட்டுவிடுங்கள். 'நல்ல செழிப்பு' என்று எழுதியிருப்பதில் எனக்கு ஒரு சந்தேகம். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றுகிறீர்களோ? தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் வரும். கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்த முறை தக்காளி நாற்றைப் புரட்டாசியில் விதையுங்கள். 25, 30 நாளில் எடுத்து நடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், மார்கழிக் குளிரில் பூ நிற்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், சரிதான். ஆனால் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் விழும்போது பாளையங்கோட்டைக்கு வருவது பெரும்பாலும் செங்கோட்டைக் கணவாய்க் காற்றுதான். மாடியில் இளநாற்றை அது உலர்த்திவிடும். ஆடியில் விதைத்தால் மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு கட்டாயம்.

புடலை விஷயமே வேறு. அதில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான். அது உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் மெல்லிய பிஞ்சு தெரியும். அந்தப் பிஞ்சே வாடி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். புடலைப் பூ இருட்டிய பிறகுதான் விரியும், விட்டில்கள் வந்து சேர்க்க வேண்டும். தெருவிளக்கும் கட்டடமுமான இடத்தில் அவை எவ்வளவு வரும்? ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நீங்களே மாடி ஏறுங்கள். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓரமெல்லாம் வெள்ளை நூலாகப் பிரிந்த அந்தப் பூவைப் பகலில் மட்டும் மாடி ஏறுகிறவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். காய் நீண்டதும் சுருளாமல் இருக்க நுனியில் சின்னக் கல் கட்டுவது குழந்தைகளுக்கு விட வேண்டிய வேலை. பீர்க்கு, சுரை வைத்தால் சாயங்காலம் பாருங்கள். பாகல், பூசணி என்றால் விடியற்காலை.

வீட்டில் சொல்கிறார்களே, பணக்கணக்கில் அவர்கள் சொல்வது சரி. தொட்டி, மண், வலை விலைக்கு மார்க்கெட்டில் நிறையவே காய் வாங்கலாம். அவியலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து சீனியவரைக்காய் பறித்து வருவதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கோடைக்கு ஏற்றதும் அதுதான். கூடவே வெண்டையும் தண்டங்கீரையும் விதையுங்கள். கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும், வீட்டுக்காரர்கள் வாயை அடைக்க அது போதும்.

கத்தரியைப் பிடுங்கிவிடாதீர்கள். வெயில் தணிந்ததும் அரை அடி உயரம் விட்டு வெட்டி, இரண்டு கை மண்புழு உரம் போட்டு, காற்றுக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். புதுத் தளிர் வந்து மறுபடி காய்க்கும்.